சாகாத குதிரைவாலியும் 100 மில்லி புட்டியும்

பிஸ்பைரிபாக் சோடியம் 10 சதம். நெல்லை விட்டுவிட்டுக் களையை மட்டும் சாகடிக்கிற மருந்து. கம்பெனிப் பெயரை எழுதப் போவதில்லை. ஒரே சரக்கு பல பெயரில் வருகிறது. அதில் ஆறேழு பெயரை என் முதுகில் சுமந்து அடித்திருக்கிறேன், எல்லாம் ஒன்றுதான். 2017இல் கேட்டிருந்தால் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன், ஆறாவது இருந்தால் அதையும் சேர்த்து. இப்போது என் வடக்குச் செய்க்கு ஒரு மார்க், தெற்குச் செய்க்கு ஒரு மார்க் (செய் என்றால் எங்கள் பக்கம் வயல்) என்று தனித்தனியாகப் போட வேண்டியிருக்கிறது. ஒரே புட்டி, ஒரே கை, நடுவில் இருப்பது ஒரு வரப்புதான்.

எனக்கு ஊர் தொண்டிக்கு மேற்கே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி உள்ளே வர வேண்டும். சிட்டாவில் நன்செய் என்றுதான் போட்டிருக்கிறது. கண்மாய் நிறைந்தால் நன்செய், நிறையாவிட்டால் ஆடு மேய்கிற இடம். சொந்தமாக இரண்டரை ஏக்கர்: வடக்கே ஒரு ஏக்கர், தெற்கே ஒன்றரை. அது போக ஊரில் மருந்து அடிக்கக் கூப்பிட்டால் போவேன். 16 லிட்டர் பேட்டரி டேங்க், ஒரு டேங்குக்கு 50 ரூபாய். ஐப்பசியில் வெயிலும் காற்றும் ஒத்துழைத்தால் ஒரு நாளைக்கு 25 டேங்க் போகும். ஆக இந்த மருந்தை வாங்கினவனாக மட்டும் இல்லாமல், அடித்தவனாகவும், பத்து நாள் கழித்து அந்த வயல் வழியாகச் சைக்கிளில் போகும்போது ஓரக்கண்ணால் பார்த்தவனாகவும் எழுதுகிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் யாராவது படித்தால் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நாற்று விட்டு, சேறடித்து நடுகிறீர்கள். நாற்றுக்கு 25 நாள் வயசாகியிருக்கும், களை அப்போதுதான் கண் திறக்கும், மேலே தண்ணீரும் நிற்கும். தண்ணீரே பாதிக் களையை அமுக்கிவிடும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆவணிக் கடைசியில், தப்பினால் புரட்டாசியில், காய்ந்த புழுதியில் விதையை வீசி, ஒரு உழவு ஓட்டி மூடிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம். மழை விழுந்தால் நெல் முளைக்கும். அதே ஈரத்தில் அதே நாளில் குதிரைவாலி என்கிற களைப் புல்லும் முளைக்கும். கண்மாய்க்குத் தண்ணீர் வந்து மடை திறக்க நாற்பது நாளும் ஆகும், ஐம்பது நாளும் ஆகும். அதுவரைக்கும் வயலில் தண்ணீர் நிற்காது. அந்த நாற்பது நாளில் களை முந்திக்கொண்டால், அப்புறம் போடுகிற யூரியா எல்லாம் அதற்குத்தான். களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்று எங்கள் பக்கம் சும்மா சொல்லவில்லை. புழுதி விதைப்பில் கால் பயிர்கூடச் சந்தேகம்.

இளசில் நெல்லையும் குதிரைவாலியையும் பிரித்துப் பார்ப்பது லேசு இல்லை. எங்கள் அப்பத்தா சொல்லிக் கொடுத்த வழி இது: இலை தண்டைக் கட்டிப் பிடித்திருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் விரித்துப் பார். நெல் என்றால் அங்கே வெள்ளையாக, மெல்லிசாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் மயிர் முளைத்த குட்டிக் காது இருக்கும். குதிரைவாலிக்கு நாக்கும் கிடையாது காதும் கிடையாது, மொழுக்கென்று இருக்கும். "பேசாது, கேக்காது, திங்க மட்டும் திங்கும்டா" என்பாள். இதனுடைய ஒன்றுவிட்ட அண்ணன்தான் பட்டணத்துச் சிறுதானியக் கடையில் குதிரைவாலி அரிசி என்று கிலோ நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறான். தம்பியைச் சாகடிக்க நாங்கள் காசு செலவழிக்கிறோம்.

சரி, மருந்துக்கு வருகிறேன்.

2016இல் மழை பொய்த்து, வீசின விதை புழுதியோடு போனது. 2017இல் கையில் காசு இல்லை. ஒரு ஏக்கர் களை பறிக்கப் பன்னிரண்டு பதினைந்து பெண்கள் வேண்டும். ஆளுக்கு அப்போதே 200 ரூபாய், நடுவில் டீ, வடை. அதையும் கொடுத்துவிடலாம் என்றாலும், எல்லா வயலுக்கும் ஒரே வாரத்தில் களை, ஊரில் இருப்பதோ முப்பது பேர். நம்முடைய முறை வருவதற்குள் குதிரைவாலி முழங்காலுக்கு வந்துவிடும். அப்போதுதான் கடையில் இந்தப் புட்டியைக் கொடுத்தார்கள். 100 மில்லி, ஒரு ஏக்கருக்கு. டேங்குக்கு 10 மில்லி, பத்து டேங்க்.

அடித்து மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஏமாந்தோம் என்று நினைத்தேன். ஐந்தாறு நாளில் குதிரைவாலி வளராமல் நின்றது தெரிந்தது. நெல் அதைத் தாண்டி நாலு விரல் மேலே போயிருந்தது. பத்தாம் நாள் நடுக்குருத்து பழுத்தது, இலையில் செம்மை ஏறியது. இருபதாம் நாள் வயலில் நெல் மட்டும்தான் நின்றது. வட்டக்கோரை, ஊசிக்கோரை, கரிசலாங்கண்ணி எல்லாம் சேர்ந்தே போயிருந்தன. என் ஆத்தா வரப்பில் உட்கார்ந்து, "இதுக்கா இம்புட்டு வருசம் இடுப்பு ஒடியக் குனிஞ்சோம்" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்த வருஷம்தான் நான் பேட்டரி டேங்க் வாங்கினேன். ஊரே வாங்கியது.

பயன்படுத்துகிற முறையில் இந்த மருந்து கொஞ்சம் செல்லப் பிள்ளை. களைக்கு இரண்டு இலையில் இருந்து நாலு இலைக்குள் அடிக்க வேண்டும். ஐந்தாறு இலை வந்து தூர் கட்டிவிட்டால் தள்ளாடும், சாகாது. இலை வழியாக உள்ளே போகிற மருந்து என்பதால் தண்ணீர் நின்றால் வடித்துவிட்டு அடி, இரண்டு மூன்று நாளில் திரும்பத் தண்ணீர் கட்டு என்று சொல்கிறார்கள். வடிக்கத் தண்ணீர் இருந்தால் நாங்கள் ஏன் இந்தப் பாடு படுகிறோம்! ஆனால் இதற்கு நேர் எதிர் ஆபத்து எங்களுக்கு உண்டு: மண் காய்ந்து களை சுருண்டு நிற்கும்போது அடித்தால் மருந்து உள்ளே இறங்காது. மழை பெய்து மறுநாளோ மூன்றாம் நாளோ, அடித்த பிறகு ஐந்தாறு மணி நேரம் மழை வராது என்று தோன்றினால் அடிக்கலாம். நாசில் முக்கியம். பூச்சி மருந்துக்குப் போடுகிற சுழல் நாசிலை இதற்குப் போடக் கூடாது. விசிறி மாதிரி தட்டையாக விழுகிற நாசில் வேண்டும். அறுபது ரூபாய் சமாச்சாரம். பாதிப் பேரிடம் இன்னும் இல்லை.

தகராறு ஆரம்பித்தது தெற்குச் செய்யில், 2021இல். அறுவடை மிஷின் உள்ளே இறங்குகிற மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குக் குதிரைவாலி தப்பி நின்றது. அந்த இடத்தில் டேங்க் தீர்ந்து விட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் அது ஒரு கல்யாணப் பந்தல் அளவு ஆனது. 2023இல் பாதிச் செய். வடக்குச் செய்யில் ஒன்றும் இல்லை, மருந்து அடித்தால் சொன்னபடி கேட்டது. அதனாலேயே எனக்குக் குழப்பம். மருந்து போலி என்றால் இரண்டிலும் அல்லவா தப்ப வேண்டும்?

ஆனாலும் முதலில் போலி என்றுதான் சந்தேகப்பட்டேன், எல்லாரும் அப்படித்தான். வேறு கடையில் பில்லோடு, பேட்ச் நம்பர் பார்த்து வாங்கினேன். அளவைக் கூட்டி 120 மில்லி அடித்தேன். நெல் ஒரு வாரம் மஞ்சளாகி முறைத்துக்கொண்டு நின்றது, குதிரைவாலி சிரித்தது.

இதில் என் கையும் உண்டு, அதை மறைத்து விமர்சனம் எழுதினால் நியாயம் இல்லை. அடுத்தவர் வயலுக்குப் போகும்போது, "ஒரு புட்டிய ரெண்டு ஏக்கருக்கு அடிச்சு விட்ருப்பா" என்பார்கள். அடித்து விட்டிருக்கிறேன். டேங்க் காசு மிச்சம் என்று பத்து டேங்க் தண்ணீரில் போக வேண்டியதை ஐந்து டேங்கில் முடிக்கச் சொல்வார்கள். முடித்திருக்கிறேன். முழங்கால் உயரக் களைக்குக் கூப்பிடுவார்கள், போயிருக்கிறேன், வந்த வேலையை விடுவானேன் என்று. சாகாமல் மயங்கி எழுந்த களை எல்லாம் கதிர் வைத்தது. குதிரைவாலிக்கு ஒரு கெட்ட குணம்: நெல்லுக்கு முன்னாலேயே முற்றி, நாம் அரிவாளை எடுப்பதற்குள் விதையைக் கொட்டிவிடும். ஒரு செடிக்கு ஆயிரக்கணக்கில். அது மண்ணில் பல வருஷம் கிடந்து முளைக்கும்.

2023இல் வழக்கமான கடைக்குப் போய்ச் சொன்னேன். கடைக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. "அண்ணே, அது பழசாப் போச்சு. இது புதுசு, வேற மருந்து" என்று பெனாக்ஸ்சுலம் எடுத்துக் கொடுத்தார். பழையதைவிட இருநூறு ரூபாய் கூட. அடித்தேன். அதே மூலையில் அதே குதிரைவாலி அப்படியே நின்றது. திரும்பப் போனால், "ரெண்டையும் கலந்து அடிங்கண்ணே" என்றார். அதையும் செய்தேன். மூன்று புட்டிக் காசு போனதுதான் மிச்சம். அவர் வேண்டும் என்று ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் அவரும் படிக்கிறார்.

அந்த வருஷம் ஒரு நாள் காலையில் தெற்குச் செய்யில் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு குதிரைவாலி செத்து வைக்கோலாகிக் கிடந்தது. அதில் இருந்து ஒரு சாண் தள்ளி இன்னொன்று, அதே வயசு, அதே உயரம், கரும்பச்சையாகத் தூர் வெடித்துக்கொண்டிருந்தது. நாசில் அடைப்பு என்றால் ஒரு கோடாகத் தப்பியிருக்கும். மழை கழுவியது என்றால் எல்லாம் தப்பியிருக்கும். செத்ததும் சாகாததும் பக்கத்தில் பக்கத்தில் கலந்து நிற்கிறது. மருந்து இரண்டின் மேலும் விழுந்திருக்கிறது, ஒன்றுக்கு உறைத்திருக்கிறது, இன்னொன்றுக்கு உறைக்கவில்லை.

அப்போதுதான் வாளி வேலையில் இறங்கினேன். தைப் பொங்கலுக்கு முன்னால் தப்பி நின்ற குதிரைவாலியில் இருந்து ஒரு கை விதை உருவி வைத்தேன். ஊர் ஊருணிக் கரையில் மருந்தே படாமல் வளர்கிற குதிரைவாலியில் இருந்து இன்னொரு கை. இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி மோட்டுவளையில் சொருகினேன். புரட்டாசியில் ஆறு பெயிண்ட் வாளி. வயல் மண் போட்டால் அதிலேயே களை விதை இருக்கும் என்று பண்ணைக்குட்டை வெட்டினபோது ஆழத்தில் இருந்து வந்த மண்ணை எடுத்து நிரப்பினேன். மூன்றில் ஊருணி விதை, மூன்றில் வயல் விதை. முளைத்ததும் வாளிக்கு இருபது செடி விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளினேன். என் வீட்டுக்காரி வாசலில் நின்றுகொண்டு, "நெல்லுக்கு உரம் வாங்கக் காசு இல்ல, களைக்கு வாளி வாங்கி வளக்குறாக" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

மூன்று இலையில், வயலுக்கு அடித்த அன்று, அதே டேங்கில் நாலு வாளிக்கும் அடித்தேன். வகைக்கு ஒரு வாளியை அடிக்காமல் தள்ளி வைத்தேன். மூன்று வாரம். ஊருணி வாளி இரண்டிலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வயல் வாளி இரண்டிலும் பாதிக்கு மேல் பச்சை. அடிக்காத வாளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டாம், இரண்டுமே காடு. வயல் வாளியில் தப்பினதற்கும் அடிக்காத வாளிக்கும் பக்கத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்காரியும் வந்து பார்த்தாள். அப்புறம் அவள் வாளியைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு வாளியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் போனேன். கண்டக்டர் லக்கேஜ் போட்டார். அங்கே கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் ஒரு மேடம் பொறுமையாகக் கேட்டார். வாளி சோதனை ஒரு அறிகுறி, உறுதியாகச் சொல்ல வேண்டும் என்றால் பல அளவுகளில் மருந்து அடித்துத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார். ஆனால் அவர் ஆச்சரியப்படவில்லை. ஹரியானாவில் கோதுமை வயலில் ஐசோபுரோட்யூரான் என்ற ஒரே மருந்தை வருஷக்கணக்கில் அடித்து, 1990களின் தொடக்கத்திலேயே அங்கே ஒரு புல் சாகாமல் போயிற்றாம், சிலர் கோதுமையை அப்படியே அறுத்து மாட்டுக்குப் போடும் அளவுக்கு. நெல்லில் இதே பிஸ்பைரிபாக்குக்கு வட்டக்கோரை சாகாததை, சத்தீஸ்கர், கேரளா வயல்களில் இருந்து எடுத்துப் பார்த்து ஜபல்பூர் களை ஆராய்ச்சி இயக்குநரகத்து ஆட்கள் 2021இல் எழுதியிருக்கிறார்கள். பின்னால் குதிரைவாலியைப் பற்றியும் வந்திருக்கிறது.

மருந்து எப்படிக் கொல்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். செடி வளர வேலின், லூசின், ஐசோலூசின் என்று மூன்று சத்தைத் தானே சமைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சமையலுக்கு ஏ.எல்.எஸ். என்கிற நொதி வேண்டும். மருந்து அந்த நொதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சமையல் நின்று குருத்து பட்டினியில் சாகும். நெல் மருந்தைச் சீக்கிரம் சிதைத்துவிடுவதால் தப்பிக்கிறது. மனுச உடம்பு அந்தச் சத்தைச் சமைப்பதே இல்லை, சாப்பாட்டில்தான் எடுக்கிறோம். சரி, குதிரைவாலி எப்படித் தப்பியது? எங்கோ ஒன்றுக்கு அந்த நொதியின் வடிவம் பிறவியிலேயே கொஞ்சம் மாறி இருக்கும், மருந்து அதில் உட்காராது. வேறு சிலது நெல்லைப் போலவே மருந்தைச் சிதைக்கிற குணத்தோடு பிறந்திருக்கும். மருந்து அதை உண்டாக்கவில்லை. மற்றதை எல்லாம் கொன்று அதற்கு இடம் பண்ணிக் கொடுத்தது.

இதை மச்சினனிடம் சொன்னேன். அவன் தொண்டியில் படகில் போகிறவன். "இதுல என்ன மச்சான் அதிசயம்? ஒரே கண்ணி வலைய வருசம் பூரா விட்டா, அந்தக் கண்ணியில நழுவுற மீனுதான் கடல்ல மிஞ்சும்" என்றான். நாலு வருஷம் மண்டையைப் போட்டு உடைத்தது அவனுக்கு ஒரு பீடி இழுக்கிற நேரம்.

வடக்குச் செய் தப்பித்ததன் ரகசியமும் அப்போதுதான் விளங்கியது. அது மேட்டு நிலம். ஒரு வருஷம் நெல் போட்டால் மறு வருஷம் முண்டு மிளகாய் போடுவோம். மிளகாய்க்குக் கொத்துதான், இந்த மருந்து கிடையாது. ஆகக் கண்ணி வலை அங்கே வருஷம் விட்டு வருஷம்தான் விழுந்திருக்கிறது. இடையில் கொத்து வந்து நழுவினதையும் சேர்த்து வெட்டியிருக்கிறது. நான் திட்டம் போட்டுச் செய்ததில்லை. மிளகாய் விலைக்காகச் செய்தது.

கடையில் வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். பிஸ்பைரிபாக், பெனாக்ஸ்சுலம், பைரசோசல்பூரான், பென்சல்பூரான், எத்தாக்சிசல்பூரான், மெட்சல்பூரானும் குளோரிமியூரானும் சேர்ந்து வருகிற பாக்கெட் — இவர்கள் எல்லாரும் பங்காளிகள். பெயர் வேறு, கம்பெனி வேறு, பெட்டி வேறு. போய் உட்காருகிற இடம் அந்த ஒரே நொதி. ஒருவனுக்குச் சாகாத களை மற்றவனுக்கும் சாகாமல் போகலாம். பங்காளி வீட்டுக்குள்ளேயே பெண் எடுக்க முடியுமா? மாற்றுவது என்றால் மாமன் மச்சான் வீட்டுக்குப் போக வேண்டும். முளைக்கும் முன் அடிக்கிற பெண்டிமெத்தலின் ஒரு வீடு, பிரிட்டிலாகுளோர் வேறு வீடு. புல்லை மட்டும் கொல்கிற சைஹாலோபாப் பியூட்டைல் இன்னொரு வீடு. 2,4-டி இன்னொரு வீடு. கடைக்காரர் "புதுசு" என்றால், பெயரைக் கேட்காமல் எந்த வீடு என்று கேளுங்கள். அவர் முழிப்பார், பரவாயில்லை.

வேறு வீட்டுக்குப் போவதிலும் எங்கள் ஊரில் சங்கடம் உண்டு. பெண்டிமெத்தலினுக்கு மண்ணில் ஈரம் வேண்டும், களை முளைத்திருக்கக் கூடாது. நனைகிற மழை பெய்த ஓரிரண்டு நாளில் டேங்கோடு வயலில் இறங்க வேண்டும், அன்றைக்கு ஊரே என்னைக் கூப்பிடும். பிரிட்டிலாகுளோர் வாங்கினால் நெல்லைக் காப்பாற்றுகிற மருந்து சேர்ந்த வகை வேண்டும், நேரடி விதைப்புக்கு அதுதான். நடவு வயலுக்கு உள்ளதை வாங்கி அடித்து விதையைத் தொலைத்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். சைஹாலோபாப் கோரையைத் தொடாது. 2,4-டி கோரைக்கும் அகல இலைக்கும் நல்ல மருந்து, விலையும் கம்மி, ஆனால் மிளகாய்க்கும் பருத்திக்கும் எமன். மதியத்துக்கு மேல் கடல் காற்று கிளம்பினால் புகை மாதிரி எங்கேயோ போய் விழும். ஒரு தடவை காலை பத்து மணிக்குள் முடிக்க வேண்டியதை மதியம் வரை இழுத்துவிட்டேன். மேற்கே மூன்று செய் தள்ளி, பெரியம்மா ஒருத்தர் மிளகாயில் இலை எல்லாம் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "ஏன் இப்படி ஆச்சுன்னு தெரியலயே தம்பி" என்று என்னிடமே கேட்டார். உண்மையைச் சொல்லி, இரண்டு மூட்டை நெல்லுக்கு ஒத்துக்கொண்டேன். அதில் இருந்து மிளகாய்க்காடு பக்கத்தில் இருந்தால் 2,4-டி தொடுவதில்லை.

போன பட்டம் தெற்குச் செய்யில் செய்தது: பங்குனி மழையில் ஒரு கோடை உழவு. வீசி விதைக்காமல் டிராக்டர் விதைப்புக் கருவியை வாடகைக்குப் பிடித்து வரிசையாகப் போட்டது. நனைகிற மழைக்கு மறுநாள் பெண்டிமெத்தலின். இந்தப் புட்டி கிடையவே கிடையாது. வரிசையில் போட்டதன் அருமை களை பறிக்க வந்த பெண்களைக் கேட்டால் தெரியும். வரிசைக்கு வெளியே நிற்பது எதுவானாலும் பிடுங்கு, நாக்கும் காதும் பார்க்க வேண்டாம். ஒன்றரை ஏக்கருக்குப் பதினான்கு பேர் போதுமாக இருந்தது. மார்கழியில் கதிர் தள்ளின குதிரைவாலியை நானும் வீட்டுக்காரியும் பால் பிடிக்கும் முன்னாலேயே பிடுங்கி மாட்டுக்குப் போட்டோம். முற்றின பிறகு போட்டால் சாணி வழியாகத் திரும்ப வயலுக்கே வந்துவிடும். ஆட்டுக்கிடை போட வருகிற கீதாரியிடமும் இப்போது எந்த ஊர் வயலில் மேய்த்துவிட்டு வருகிறீர்கள் என்று கேட்கிறேன். அவர் என்னைப் பார்க்கிற பார்வை வேறு மாதிரி. அறுவடை மிஷினை வரப்புக்கு வெளியே நிறுத்தித் தட்டிச் சுத்தம் செய்யச் சொன்னதற்கு டிரைவர் அரை மணி நேரக் காசு கூடக் கேட்டார். கொடுத்தேன். அந்த மூலையில் ஆரம்பித்ததுதானே எல்லாம்.

செலவு? புட்டி வாங்கி நானே அடித்தால் ஏக்கருக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. போன பட்டம் ஆள், மருந்து, கருவி வாடகை எல்லாம் சேர்த்துத் தெற்குச் செய்யில் ஏக்கருக்கு நாலாயிரத்தைத் தாண்டியது. குதிரைவாலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்லவில்லை, பந்தல் அளவு மறுபடி பாய் அளவுக்கு வந்திருக்கிறது.

மார்க்: வடக்குச் செய்க்கு ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது பெட்டியில் எந்த வீட்டு மருந்து என்று கொட்டை எழுத்தில் போடாததற்கு. தெற்குச் செய்க்கு ஒன்று. கோரைக்கும் கரிசலாங்கண்ணிக்கும் இன்னும் வேலை செய்கிறது, அதற்காக அந்த ஒன்று. இந்தப் பட்டம் வடக்கே நெல் முறை, அதனால் ஒரு புட்டி வாங்கி அலமாரியில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறேன். தெற்கே களை பறிக்க இப்போதே பதினான்கு பேருக்குச் சொல்லி, ஆளுக்கு நூறு ரூபாய் முன்பணம் கொடுத்தாகிவிட்டது.